ஆறில்லாத ஊரின் மில்

பாட்டனி டவுன்ஸ் பழைய சாமான் கடையில் இன்று அதே அச்சுப்படத்தைக் கண்டேன்: ஆற்றங்கரை, மரச்சக்கரம், வெள்ளைக்காரர் ஊர் மில். இந்த நாட்டுக்குக் குடிவந்தபின் மவுண்ட் ரோஸ்கில்லில் நாங்கள் இருந்த, இப்போது இடித்துவிட்ட வாடகை வீட்டின் சுவரில் அது தொங்கியது; பென்ரோஸ் கிடங்கு வேலை முடிந்து வந்ததும் அம்மா முதலில் துடைப்பது அதன் கண்ணாடியைத்தான். யாழ்ப்பாணத்தில் அவர் தனியாக நடத்தி, சண்டையில் எரிந்துபோன அரிசி மில்லின் புகைப்படம் ஒன்றுகூட மிஞ்சாததால், வருகிறவர்களிடமெல்லாம் அந்தப் படத்தைக் காட்டி "இதுதான் எங்கட மில்" என்பார். நான் வெட்கத்தில் நெளிவேன்.

"யாழ்ப்பாணத்தில ஆறு எங்கயக்கா?" என்று சாப்பிட வந்த ஒருவர் சிரித்தார்.

"ஆறு படம் வரைஞ்சவன் கீறினது. மில் எங்கட" என்றார் அம்மா.

படத்தை வாங்கி வந்து மாட்டினேன். படத்தில் இருக்கும் மில் யாருடையது என்று என் மகள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"எங்கட மில்" என்றேன், நெளியாமல்.