உருகாத கல்லின் எடை

போன வியாழக்கிழமை விருத்தாசலம் ஜங்ஷனில் நின்று அழுதேன். ரயில் வருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தங்கை மகள் மாலினிக்கு துபாயில் லேப் வேலை. சென்னை போய் விமானம் ஏற வேண்டும்.

வந்திருந்த எல்லோரும் அழுதோம் – பெற்றவளைத் தவிர. என் தங்கை வசந்தா பைகளைச் சரிபார்த்தாள். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். ரயில் நகர்ந்ததும், “ஆட்டோ கெடைக்குமா பாருண்ணா” என்றாள். அவ்வளவுதான்!

ஏர்போர்ட்டிலிருந்து மாலினி எனக்குப் போன் செய்தாள்.

“அம்மா ஒரு சொட்டு கூட அழுவல மாமா. நான் போறது அவங்களுக்கு ஒண்ணுமே இல்லியா?”

எனக்கும் அதே கோபம்தானே. கல்நெஞ்சுக்காரி!

சனிக்கிழமை, நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று அவள் வேலை பார்க்கும் செராமிக் கம்பெனி லேபுக்கே போனேன். பீங்கான் மேல் பூசும் கிளேஸுக்கு வருகிற பொடி, கல் எல்லாவற்றையும் உலையில் வைத்து, எந்தச் சூட்டில் உருகுகிறது, என்னவாகிறது என்று பார்த்து எழுதுவது அவள் வேலை. அன்றைக்கு சுண்ணாம்புக்கல். தொள்ளாயிரம் டிகிரிக்கு மேல் வெந்த கல்லை ஆறவைத்து, இடுக்கியால் எடுத்துக்கொண்டிருந்தாள்.

எட்டிப் பார்த்தேன். வைத்த கல் வைத்தபடி இருந்தது.

“ஒண்ணுமே ஆகலியேம்மா?”

“பாக்குறவங்க எல்லாரும் அப்படித்தாண்ணா சொல்லுவாங்க. இது உருகாது. சூடு ஏற ஏற உள்ள இருக்குறது காத்தா போயிடும். வெளியில ஒண்ணும் தெரியாது. எடை போட்டாதான் தெரியும்.”

தராசில் வைத்தாள். நூறு கிராம் கல்... ஐம்பத்தேழு காட்டியது.

கிட்டத்தட்ட பாதி போயிருக்கிறது. உருவம் மட்டும் மாறவில்லை. நோட்டில் ‘உருகுநிலை’ என்ற கட்டத்தில் அழகான கையெழுத்தில் எழுதினாள்: ‘உருகவில்லை. எடை குறைந்தது.’

அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தேன். இரண்டே நாளில் கன்னம் ஒட்டியிருந்தது. மேஜை ஓரத்தில் மதியச் சாப்பாட்டு டப்பா, திறக்காமலே. மணி நாலு.

கேட்க வந்த நாலு வார்த்தையை விட்டுவிட்டேன். நோட்டின் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து, “உங்கம்மா எழுதியது” என்று மாலினிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவளும் கெமிஸ்ட்ரி படித்தவள்தானே?

வசந்தா அதற்குள் கல்லை ஒரு தட்டில் வைத்து, என்னைத் தள்ளி நிற்கச் சொல்லி, கொஞ்சம் தண்ணீர் தெளித்தாள். தொள்ளாயிரம் டிகிரியையும் தாங்கிய கல், இப்போது புஸ்ஸென்று ஆவி விட்டது. விரிசல் விட்டு, பொலபொலவென்று உதிர்ந்தது.

என் போன் சிணுங்கியது. மாலினியின் பதில். படித்துவிட்டு வசந்தாவிடம் நீட்டினேன்.

“அம்மா சாப்டாங்களா மாமா?”

அவ்வளவுதான் எழுதியிருந்தாள். வசந்தா ஸ்டூலில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ரொம்ப நேரம் அழுதாள். அப்புறம் டப்பாவைத் திறந்து கொடுத்தேன், சாப்பிட்டாள்.

பார்த்த மாத்திரத்தில் ஆளை எடை போட்டுவிடுவேன் என்று நான் எழுதும் இந்தப் பத்திரிகைப் பக்கத்திலேயே எத்தனை தடவை பீற்றியிருக்கிறேன்... தராசே இல்லாமல்!