புரியாத தெலுங்கும் சுருட்டிய சார்ட்டும்

எங்கள் பொறியியல் கல்லூரி கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவே நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. நான் மூன்றாம் ஆண்டு படித்தபோது அங்கே மனநல ஆலோசனைக்கென்று ஓர் அறை திறந்தார்கள். மெத்தை நாற்காலி, ஏ.சி. எல்லாம் உண்டு. ஒரே குறை, அது முதல்வர் அறைக்கு நேர் எதிரில் இருந்தது. உள்ளே போகிறவர்களை மொத்தக் கல்லூரியும் பார்க்கும். அதனால் ஒருவரும் போகவில்லை.

ஆலோசகர் மேடம் பெங்களூரிலிருந்து வருவார். காத்திருந்து சலித்துப்போய், வகுப்புக்கு ஒருவராக மாணவர்களையே பிடித்துப் பயிற்சி கொடுத்தார். கஷ்டத்தில் இருப்பவர்கள் முதலில் எங்களிடம் பேச வேண்டும், தேவைப்பட்டால் நாங்கள் அவரிடம் அழைத்துப் போக வேண்டும். எங்கள் வகுப்பிலிருந்து என்னை அனுப்பினார் வகுப்பு ஆசிரியர். என் இரக்க குணத்தைப் பார்த்து அல்ல. நான் இல்லாவிட்டால் அவர் நிம்மதியாகப் பாடம் நடத்தலாம்.

மேடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். "அட்வைஸ் பண்ணாதீங்க. கேளுங்க, போதும்." எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

"என்னிடம் பேசலாம்" என்று எழுதிய பேட்ஜும் கொடுத்தார்கள். அதைக் குத்திக்கொண்ட முதல் நாளே பசங்கள் வந்து, "மெஸ் சாம்பார நெனச்சா மனசு பாரமா இருக்குதுங்க மேடம்" என்றார்கள். உண்மையாகவே பேச வந்தவள் ஒரு முதலாம் ஆண்டுப் பெண். வீட்டு ஞாபகமாகவே இருக்கிறது என்று ஆரம்பித்தாள். அவள் முடிப்பதற்குள் நான் யோகா, நடைப்பயிற்சி, காவேரிப்பட்டினத்தில் இருக்கும் என் அத்தை மகள் ஹாஸ்டலில் சமாளித்த கதை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "சரிக்கா, கிளாஸுக்கு டைம் ஆச்சு" என்று போனவள், அதன்பிறகு என்னைக் கண்டால் வேறு படிக்கட்டில் இறங்கினாள்.

அடுத்தது என் ஹாஸ்டல் அறைத்தோழி. ஓசூருக்கு அந்தப் பக்கம் ரோஜா பயிரிடும் குடும்பம் அவளுடையது. வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ், மெஸ் அக்காவோடு கன்னடம். அறையில் எல்லோரையும் சிரிக்க வைப்பவள் அவள்தான். ஒரு ஞாயிறு மதியம் துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனோம். பக்கெட்டைக் கீழே வைத்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, அழுதுகொண்டே தெலுங்கில் பேச ஆரம்பித்தாள்.

எனக்குத் தெலுங்கு தெரியாது. "அம்மா", "லேப்", "பயம்" மட்டும் காதில் பிடிபட்டன. அட்வைஸ் சொல்ல வாய் துறுதுறுத்தது. ஆனால் எதற்கென்று தெரியாமல் என்ன சொல்வது? "ம்" என்றேன். முதுகைத் தடவிக்கொடுத்தேன். முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்ப பரவால்லடி" என்று தமிழில் சொன்னவள், துணிகளை உதறிக் காயப்போட்டாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. சாயங்காலம் வரைதான். பிறகுதான் யோசித்தேன். விபரீதமாக ஏதாவது சொல்லியிருந்தால்? அதற்கும் "ம்" என்றுதானே சொல்லியிருப்பேன்? நேராக அவளிடமே போனேன்.

"நீ சொன்னது எனக்கு ஒண்ணும் புரியலடி."

"தெரியும். அதனாலதான் சொன்னன். புரிஞ்சிருந்தா என்னைப் பேச வுட்டிருப்பியா?"

மேடம் சொல்லித் தந்திருந்தபடி ஒளிவுமறைவில்லாமல் கேட்டேன். "செத்துப்போலாம்னு எதாச்சும் தோணுதா?"

"சேச்சே, அதெல்லாம் இல்ல." பிறகு தமிழில் சுருக்கமாகச் சொன்னாள். லேப் வைவா, அந்த வாய்மொழித் தேர்வு என்றாலே மூச்சு அடைக்கிறது, கை நடுங்குகிறது. இதய நோய் என்று பயந்து, யாருக்கும் சொல்லாமல் கிருஷ்ணகிரி போய் இசிஜி எடுத்திருக்கிறாள். இதயத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். "ஒண்ணுமில்லன்னா அப்ப இது என்னாடி?"

"மேடத்தைக் கேக்கலாம், வா."

"பிரின்சிபால் ரூம் எதிர்லயா? நான் வரல."

அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆளுக்கொரு சார்ட் பேப்பரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஏதோ கண்காட்சி வேலை மாதிரி இருவரும் உள்ளே நுழைந்தோம். அவளை மேடத்திடம் விட்டுவிட்டு நான் வெளியே வந்து, சார்ட்டும் கையுமாக நின்றேன். மேடத்துக்குத் தெலுங்கு நன்றாகவே தெரியும். இதற்குப் பேர் பதற்றம், பயிற்சியால் சரிசெய்யலாம் என்று அவளுக்கு விளக்கியிருக்கிறார். சில வாரங்கள் இப்படியே போனோம். ஒரு நாள் முதல்வர் என்னை நிறுத்தி, "வெரி குட். எப்பம்மா எக்ஸிபிஷன்?" என்று கேட்டுவிட்டார். வேறு வழியில்லாமல் நிஜமாகவே ஒன்று வைத்தோம். அதற்குள் எங்களைப் பார்த்து வேறு சிலரும் சார்ட்டோடு அந்த அறைக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள்.

வைவா அன்று லேப் வாசலில் காத்திருந்தேன். வியர்த்த முகத்தோடு வந்தாள்.

"என்ன ஆச்சு?"

"மூச்சு வாங்குச்சு. மேடம் சொன்ன மாதிரி மெதுவா வுட்டன். அப்பறம் ரெண்டு கேள்விக்குத் தப்பா பதில் சொன்னன்."

"ஐயோ."

"தைரியமா சொன்னண்டி," என்றாள். "எக்ஸாமினரே ஒரு நிமிஷம் சரியா இருக்குமோன்னு யோசிச்சாரு."