சனிக்கிழமை வகுப்புக்குப் போன என் அக்கா

எங்கள் நாட்டில் சண்டை மூண்டு, அப்பா வீடு திரும்பாமல் போனபின், அம்மா எங்கள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு எல்லை தாண்டினாள். அப்போது அக்காவுக்குப் பதினாறு வயது, எனக்குப் பத்து. எங்களைப் போல் பல நாடுகளிலிருந்து ஓடிவந்தவர்களை ஊரின் மேட்டுப்பகுதியில் ஒரு நீளமான கட்டடத்தில் குடிவைத்திருந்தார்கள். குடும்பத்துக்கு ஓர் அறை, மாடிக்கு ஒரு பொதுச் சமையலறை. அடுப்பு பிடிக்க விடிந்ததும் பாத்திரத்தோடு போய் நிற்க வேண்டும். வரிசையில் நிற்கிறவர்கள் நாலைந்து மொழிகளில் சண்டை போடுவார்கள். யார் என்ன திட்டினார்கள் என்று யாருக்கும் புரியாததால் பகை மட்டும் வளரவில்லை.

அக்காவை அம்மா பெரியவளே என்றுதான் கூப்பிடுவாள். பேருக்கு ஏற்ற மாதிரி அவளும் குடும்பத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு, ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். உலர்த்தும் இயந்திரத்திலிருந்து படுக்கை விரிப்புகள் கொதிக்கக் கொதிக்க வந்து விழும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று முனைகளைப் பிடித்து உதறி, இழுத்து, நடந்து வந்து சேர்த்து மடிக்க வேண்டும். அக்காவுக்கு எதிர் முனையில் நின்றவள் ஓர் உள்ளூர்ப் பெண். தலைமுடியை வைத்து அவளைச் சுருட்டை என்பார்கள். மூட்டை தூக்கி முதுகு போய் அவள் அப்பா படுக்கையில் விழுந்ததும், பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வந்தவள். ஆற்றோரச் சந்தில் வீடு. மாதக்கணக்காக இருவரும் ஒரே துணியின் இரு பக்கத்தைப் பிடித்திருந்தும், "இழு", "விடு" என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

ஒருநாள் சலவைக்கூடக் கதவில் பல மொழிகளில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. உலகக் குடியுரிமைக் கல்வி, அகதி இளைஞர்களும் படிப்பை விட்ட உள்ளூர் இளைஞர்களும் சேர்ந்து படிக்கலாம், சனிக்கிழமை மதியம், நூலக மாடியில், சாப்பாடு உண்டு. அக்காவை இழுத்தது கடைசி இரண்டு சொற்கள்தான் என்று அவளே சொல்வாள். சுருட்டையும் அதற்குத்தான் வந்தாளாம்.

அம்மா கேட்டுவிட்டுச் சிரித்தாள். "இருக்கிற ஊர்லயே நமக்குக் குடியுரிமை இல்ல. இதுல உலகக் குடியுரிமையா? கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவ வானம் ஏறி வைகுண்டம் போனாளாம்."

ஆனால் போகாதே என்று சொல்லவில்லை. அக்கா போனாள்.

டீச்சர் என்று எல்லோரும் கூப்பிட்ட பெண்ணுக்கு அக்காவைவிடக் கொஞ்சம்தான் வயது கூட. பேச்சு சூடு பிடித்தால் சாக்பீஸைக் காதில் செருகிக்கொண்டு மறந்துவிடுவாளாம். வீட்டுக்கு வந்ததும் அக்கா எனக்குத் தலைவாரிக்கொண்டே பாடத்தைத் திருப்பிச் சொல்வாள். நாம் போட்டிருக்கும் சட்டைக்குப் பஞ்சு விளைந்தது ஒரு நாடு, நூல் நூற்றது ஒரு நாடு, தைத்தது இன்னொரு நாடு என்பாள். மனுஷனாகப் பிறந்தாலே உரிமை உண்டு, கையில் குடியுரிமைத் தாள் வந்தபின்தான் என்பதில்லை என்பாள். உரிமை ஓடியா போகும், முதலில் அடுப்பு காலியாகிவிட்டதா என்று பார் என்பாள் அம்மா.

ஒரு சனிக்கிழமை டீச்சர் ஒரு வேலை கொடுத்தாள். இந்த ஊரில் எல்லோருக்கும் போய்ச் சேரவேண்டியது எது, யாருக்கு அது வந்து சேரவில்லை என்று யோசித்துச் சொல்ல வேண்டும். சுருட்டை படக்கென்று எழுந்தாள். எல்லாம் மேட்டுக் கட்டடத்துக்குத்தான் போகிறது, போர்வையும் அங்கே, பால் மாவும் அங்கே, பிறந்த ஊரில் எங்கள் சந்துப் பக்கம் ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை என்று பொரிந்து தள்ளினாள். அதுவரை அந்த வகுப்பில் வாயே திறக்காத அக்கா, கேட்டுக் கேட்டுப் பழகிய ஊர் மொழியில் எழுந்து சொன்னாள்.

"போர்வை வருது, இல்லன்னு சொல்லல. குழாய்த் தண்ணியைக் காய்ச்சாம குடிக்காதீங்கன்னு போன மாசம் மைக் கட்டின வண்டியில சொல்லிட்டுப் போனாங்களே, அது எங்களுக்குப் புரியல. நாங்க குடிச்சோம். என் தங்கச்சி பிழைச்சதே பெரிசு."

சுருட்டை உட்கார்ந்தாளாம். குரலை இறக்கிச் சொன்னாள். "எங்க சந்துக்குள்ள அந்த வண்டி நுழையவே நுழையாது. எங்களுக்கும் தெரியாது. சலவைக்கூடத்துல யாரோ பேசினதால தப்பிச்சோம்."

அடுத்த வாரம் துணி மடிக்கும்போது இருவரும் பேசியது பேசியதுதான், மேற்பார்வையாளர் வந்து அதட்டும்வரை ஓயவில்லை. அந்தப் பேச்சில்தான் வழி பிறந்தது. கட்டடத்தில் ஒவ்வொரு மொழிக்கும் ஓர் ஆள், சந்தில் மூலைக்கு ஓர் ஆள். எச்சரிக்கை எது வந்தாலும் வீடு வீடாகப் போய் அவரவர் மொழியில் சொல்ல வேண்டும். வகுப்பில் இருந்தவர்களே பங்கு போட்டுக்கொண்டார்கள். எச்சரிக்கையை உடனே தங்களுக்குச் சொல்லச் சொல்லிக் கேட்க நகராட்சிக்குப் போனபோது அங்கிருந்த அதிகாரி, சேதி சொல்ல நிரந்தரமாக ஒரு தொலைபேசி வேண்டுமே என்று கையை விரித்தார். கட்டடத்துக்குக் கீழே சலூன் வைத்திருந்தவர், என் கடை எண்ணைக் கொடுங்கள், நான் எங்கே போகப்போகிறேன் என்றார்.

மழைக்காலத்தில் ஒரு மதியம் அந்தத் தொலைபேசி அடித்தது. ஆற்றின் மேல்பக்கம் கரை உடைந்துவிட்டது, ஆற்றோரத்தில் இருப்பவர்கள் உடனே கிளம்ப வேண்டும் என்றார்கள் நகராட்சியிலிருந்து. சலூன்காரர் ஒருவரைப் பாதி முகச்சவரத்தோடு விட்டுவிட்டுச் சலவைக்கூடத்துக்கு ஓடினார். அக்காவும் சுருட்டையும் போட்டது போட்டபடி சந்துக்குப் பாய்ந்தார்கள். எங்கள் கட்டடத்துப் பையன்களும் பெண்களும் சொல்லாமலே பின்னால் போனார்கள். கதவு கதவாகத் தட்டினார்கள். நடக்க முடியாதவர்களைத் தூக்கினார்கள். சுருட்டையின் அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து நாற்காலிக் காலை ஆளுக்கொன்றாகப் பிடித்து மேட்டுக்கு ஏற்றினார்கள். தண்ணீர் சந்துக்குள் புகுந்தபோது அங்கே சுவர்கள் மட்டும்தான் இருந்தன. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

அன்றைக்கு எங்கள் கட்டடத்தில் கால் வைக்க இடமில்லை. எங்கள் அறையில் சுருட்டையின் குடும்பம். அடுப்புக்காக அடித்துக்கொண்ட பெண்கள் எல்லா அடுப்பையும் ஒரே சமையலுக்குக் கொடுத்தார்கள். அம்மாவும் சுருட்டையின் அம்மாவும் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமலே எதிரெதிரே உட்கார்ந்து வெங்காயம் நறுக்கினார்கள். கண்ணில் வந்த தண்ணீருக்கு வெங்காயம் மட்டும் காரணம் இல்லை.

சுருட்டையின் அப்பா எங்கள் கட்டிலில் படுத்தபடி அம்மாவைப் பார்த்து, "இப்ப நாங்க உங்க வீட்டுல அகதி, தாயி" என்றார்.

அக்கா அதை எங்கள் மொழியில் சொன்னதும் அம்மா வெடுக்கென்று, "அந்தப் பேரு எதுக்கு? விருந்தாளின்னு சொல்லச் சொல்லு" என்றாள்.

தண்ணீர் வடிந்தபின் சந்தில் சேறு அள்ளப் போனதும் நாங்கள் எல்லோரும்தான். அதன்பின் நகராட்சி அந்த ஏற்பாட்டை ஊர் முழுக்க விரித்தது. அதற்கு ஆள் தேடியபோது சலூன்காரர் அக்காவின் பேரைச் சொன்னார். இப்போது அக்கா குடிநீர் அலுவலகத்தில் தொலைபேசிப் பிரிவில் இருக்கிறாள். கூப்பிடுகிறவர் எந்த மொழியில் தவித்தாலும் அதில் பதில் சொல்ல அவளிடம் ஆள் உண்டு. சுருட்டை விட்ட படிப்பை முடித்து, நூலக மாடியில் அதே வகுப்பை நடத்துகிறாள். சாப்பாட்டை நிறுத்தவே கூடாது என்பதில் குறியாக இருக்கிறாள்.

எங்களுக்குக் குடியுரிமை கிடைக்க வருஷங்கள் ஆயின. கிடைத்த அன்று சுருட்டை வேலையை விட்டுவிட்டு வந்து, எங்களைவிட அதிகமாக அழுதாள். அம்மா அவளை அணைத்துக்கொண்டு, இந்த ஊர் மொழியில் தனக்குத் தெரிந்த கொஞ்சத்தை வைத்துச் சொன்னாள்.

"பெரியவளைப் பெத்தது நான். அவளுக்குப் பேச வாய் கொடுத்தான் உங்க சனிக்கிழமை. நல்லா இருக்கணும் நீ எல்லாரும்."

இலக்கணம் எல்லாம் தப்பு. ஒருவரும் திருத்தவில்லை. சுருட்டை மூக்கைத் துடைத்துக்கொண்டு, பசிக்கிறது, எங்கேயாவது போய்ச் சாப்பிடலாம் என்றாள். நாலு பேரும் மழைத்தூறலில் நனைந்துகொண்டே நடந்தோம்.