நெயில் பாலிஷ் புள்ளி

போன வருடம், மழைக்காலம் முடிந்து கடற்காற்று மறுபடி வீட்டுக்குள் வரத் தொடங்கிய ஒரு வாரம். திருவொற்றியூரில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பேஸ் கிட்டாரை மீட்டினேன். 'டண்' என்று வர வேண்டிய சுரம் 'தொம்' என்று வந்தது, ஈர அரிசி மூட்டையைத் தட்டியது போல.

கச்சேரியில் பாட்டுக்கு அடியில் கனத்த சுரம் போடுகிற பேஸ் கிட்டாரை யாரும் கவனிப்பதில்லை. அது நின்றுபோனால் மட்டும் 'என்னவோ குறையுதே' என்று திரும்பிப் பார்ப்பார்கள். என் சுபாவத்துக்குத் தோதான வாத்தியம். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், கம்ப்ரஸர் அறையை ஒட்டிய ஸ்டோரில் எனக்கு வேலை. ஓய்வு நேரத்தில் ராயபுரத்து மெல்லிசைக் குழு ஒன்றில் பேஸ் வாசிப்பேன். குழுவை நடத்துகிற பாடகர் என் சிறுவயதுத் தோழர். அவர் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ரிசப்ஷன், டோல்கேட் பக்கம் ஒரு மண்டபத்தில். எங்கள் குழுவின் கச்சேரிதான். என் மடியில் வளர்ந்த குழந்தை அது. அதன் கல்யாணத்தில் போய் அரிசி மூட்டையைத் தட்ட முடியாது.

இந்தக் கோளாறைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்தேன். படித்தவன் செய்யும் முதல் தவறு, படித்ததை எல்லாம் செய்துபார்ப்பது. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்திருக்கும் என்று கழற்றி, ரசம் வைக்கும் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்தேன். அழுக்குப் போய் ஓசை தெளியும் என்று எழுதியிருந்தார்கள். தெளியவில்லை, மனைவி புதுப் பாத்திரம் கேட்டாள். புதுக்கம்பி மாட்டினேன். அதுவும் 'தொம்'. கிட்டாருக்குள் இருக்கும் பேட்டரியை மாற்றினேன். கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப்பைத் திருகி மேலே ஏற்றினேன். கடைசியாக, கிட்டாரின் கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டில் கை வைத்தேன். அதைக் கொஞ்சம் திருகினால் கழுத்து நிமிரும், அதிகம் திருகினால் உடையும். கால் சுற்று திருகினேன். உடையவில்லை. திருப்தியாக ஒரு சுரம் வாசித்தபோது சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க அது, எவர்சில்வர் தட்டு அதிர்ற மாதிரி கிர்ருங்குது?"

எனக்கு எதுவும் கேட்கவில்லை. சமையலறைக்குப் போய்த் தட்டுகளை எல்லாம் தொட்டுப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தட்டு இல்லீங்க, உங்க கம்பிதான்" என்றாள்.

கழுத்து நிமிர்ந்ததில் கம்பி தாழ்ந்துபோய் அதில் பதித்த உலோகப் பட்டைகளில் உரசுகிறது. பாத்திரத்துக்கு நடுவே நிற்பவளுக்குக் கேட்கிறது. மடியில் வைத்திருக்கும் எனக்குக் கேட்கவில்லை. தண்டைப் பழையபடி தளர்த்தினேன். "சத்தம் நின்னுடுச்சா?" என்று அவளைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

ராயபுரத்தில் ஒத்திகை. கிட்டார் ஓசையைப் பெருக்கும் என் ஆம்ப்பில், கூர்மையைக் கூட்டுகிற ட்ரெபிள் குமிழை முழுக்கத் திருப்பியும் எனக்குப் போதவில்லை. முதல் பாட்டிலேயே நண்பர் மைக்கைக் கீழே இறக்கினார்.

"இன்னா மாமு, பேஸு வாசிக்கிறியா, தகரம் அறுக்கிறியா?"

"உன் ரூமு அப்படி. எனக்கு மந்தமா கேக்குது."

"மந்தமா? கேக்க சொல்லோ பல்லு கூசுது மாமு. சம்மந்தி வூட்டுக்காரங்க முன்னாடியே உக்காந்துகினு இருப்பாங்கோ. சரியாவலன்னா பேஸ கீபோர்டுலயே வாசிச்சிக்கலாம். தப்பா எடுத்துக்காத."

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். நாற்பது வருஷ சிநேகிதம், ஒரு கீபோர்டின் இடது கைப் பக்கத்தில் அடங்கிவிட்டது. சுருதி கெட்ட மனிதர்களைப் பற்றி மனதுக்குள் ஒரு கட்டுரையே எழுதிக்கொண்டிருந்தேன்.

அப்போது கீபோர்டு வாசிக்கிற பெண் என்னைக் கூப்பிட்டாள். தண்டையார்பேட்டையில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்ப்பவள். குழுவில் அதிகம் பேசாதவள். "அண்ணே, இங்க வாங்களேன். இது கேக்குதா சொல்லுங்க." கீபோர்டின் வலது பக்கத்தில் மெல்ல ஒவ்வொரு கட்டையாக மேலே ஏறினாள். கேட்டது. கேட்டது. கொஞ்சம் கேட்டது. அப்புறம் அவள் விரல் கட்டையில் விழுவது தெரிந்தது, சத்தம் வரவில்லை.

"ஒயர் கழண்டிருக்கும்மா" என்று சொல்லிக் குனிந்து, பின்பக்கம் ஒயரைச் செருகியும் பார்த்தேன். நிமிர்ந்தபோது அவள் அதே கட்டையை மறுபடி அழுத்த, மற்றவர்கள் கேட்கிறது என்று தலையாட்டினார்கள். எப்போதும் ஏதாவது சொல்லி ஓட்டுகிற நண்பர், உட்கார் என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அதில்தான் எனக்குப் பயம் முழுசாக வந்தது.

மறுநாள் காது டாக்டர் என்னைக் கண்ணாடி அறையில் உட்கார வைத்துச் சோதித்தார். வரைபடத்தில் கோடு நேராக வந்து, உச்சச் சுரங்கள் இருக்கும் வலப்பக்கம் போனதும் படிக்கட்டில் தடுக்கியவன் மாதிரி விழுந்திருந்தது. "சத்தமான இடத்துல வேலையா?" என்றார். கம்ப்ரஸர் என்றேன். காதில் செருகத் தொழிற்சாலையில் கொடுத்த அடைப்பானை எல்லோரையும் போல நானும் கழுத்தில் மாலையாகப் போட்டிருந்ததைச் சொல்லவில்லை. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றுங்கள் என்றார். கம்பியின் பளபளப்பான ஓசை எல்லாம் அந்த விழுந்த பகுதியில் இருந்தது. கிட்டார் முதலிலிருந்தே நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

நண்பருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லி, கச்சேரியிலிருந்து என்னை விட்டுவிடு என்றேன். "உன்ன வேணான்னு எப்ப சொன்னேன்? அந்தச் சத்தத்ததான் வேணான்னேன். நீ வா" என்று வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, விருந்தினர் வருமுன் மேடையில் நான் வாசிக்க, கீபோர்டுப் பெண் என் ஆம்ப்பின் குமிழ்களைத் திருப்பினாள். நண்பர் பட்டு வேட்டியோடு மண்டபத்தின் கடைசி வரிசையில் நின்று கேட்டார். அவர் சரி என்று கையைத் தூக்கியதும் அவள் கைப்பையிலிருந்து சிவப்பு நெயில் பாலிஷ் எடுத்து, குமிழ் நின்ற இடங்களில் ஒவ்வொரு புள்ளி வைத்தாள்.

"அண்ணே, இத்தத் தாண்டாதீங்க. உங்களுக்கு எப்டி கேட்டாலும் சரி."

எனக்கு ஈர மூட்டைதான் கேட்டது. இரண்டாவது பாட்டிலேயே என் கை தன்னால் ட்ரெபிள் குமிழுக்குப் போனது. இத்தனை பேர் முன்னால், எனக்கே பிடிக்காத ஓசையை வாசிப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு ஹைரோட்டைக் கடப்பது போல இருந்தது. புள்ளியைப் பார்த்தேன். கையை எடுத்துக்கொண்டேன். பாட்டு முடிவதற்குள் சம்பந்தி வீட்டார் வரிசையில் ஒரு பெரியவரின் கால் தாளம் போடத் தொடங்கியது. சாப்பாட்டுப் பந்தியில் நண்பர் என் இலைக்கு எதிரே வந்து நின்று, "பேஸு பேஸு மாரி இருந்துச்சு மாமு" என்றார்.

இன்றும் எனக்கு அது மந்தமாகத்தான் கேட்கிறது, இன்றும் ஒவ்வொரு மேடையிலும் கை குமிழுக்குப் போகப் பரபரக்கிறது. மற்றவர்களின் காதை நம்பிக் குமிழைச் சிவப்புப் புள்ளியில் நிறுத்திவிட்டு, அந்தப் புள்ளி தேய்ந்துபோகாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.