வெள்ளம் பார்க்க வந்த ஐயா

பதுளையில் ஆற்றோரமாக ஏழு பேர்ச் காணி வாங்கினேன். மலிவாகக் கிடைத்தது. ஏன் மலிவு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாங்கியிருக்க மாட்டேன். வாங்காமல் இருந்தால் சாகும்வரை தோட்டத்து லயத்தில், ஒற்றை அறையில்தான்.

அதற்கு முன் லுணுகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியில் முப்பது வருசம் வேலை. கொழுந்து வாட்டுவது. வயது வந்து நிறுத்தினார்கள். சேமலாபப் பணம் கைக்கு வந்தது. பெண்கள் இரண்டையும் அதற்கு முன்பே கட்டிக் கொடுத்தாயிற்று. நானும் சம்சாரமும்தான். அந்தக் காணியில் ஒரு வீடு கட்டினோம். செங்கல் சுவர், தகரக் கூரை, பின்னால் சமைக்க ஒரு குசினி. லயத்தில் கூரை தோட்டத்துக்குச் சொந்தம், ஒழுகுவது மட்டும் நமக்குச் சொந்தம். இங்கே இரண்டும் எங்களுக்கு.

கடைவீதியில் ஒரு முஸ்லிம் நானா குடைக்கடை வைத்திருந்தார். இன்சூரன்ஸ் ஏஜெண்டும் அவர்தான். மழைக்காலத்தில் இரண்டு வியாபாரமும் நடக்கும். ஒரு நாள் வீட்டுக்கே வந்துவிட்டார். முதலில் வீட்டைப் பார்த்தார். பிறகு ஆற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்ணே, நெருப்புக்குப் போட்டா கொஞ்சந்தான். வெள்ளத்துக்கும் சேத்துப் போட்டா மூணு பங்கு கூட வரும்."

"அது ஏன் நானா?"

"நெருப்பு வந்தாலும் வரும், வராமலும் ஈக்கும். ஒங்களுக்குத் தண்ணி வரும். வாசல்லயே ஆறு ஈக்கிதே."

"மேட்டுல வீடு இருந்தா?"

"மேட்டுல ஈந்தா வெள்ளத்துக்கு மிச்சம் மலிவு."

"மேட்டுல இருக்கவன் எதுக்குப் போடுறான்?"

"அவன் போட மாட்டான். அதான் மலிவு."

எனக்கு விளங்கவில்லை. தோட்டத்திலும் கணக்கு இப்படித்தான். அதனால் மேலே கேட்கவில்லை. வருசத்துக்கு அவர் சொன்ன காசு எங்கள் இரண்டு பேருக்கு இரண்டு மாத அரிசி.

சம்சாரம்தான் போடச் சொன்னாள். "போட்டுருங்க. குடை கொண்டு போற அன்னிக்கு மழை வருதா? இதைப் போட்டா ஆறு வராது." பத்திரத்தை வாங்கிச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். நானாவும் அது நல்ல இடம் என்றார்.

இரண்டு வருசம் ஆறு ஒழுங்காக ஓடியது. எனக்கு வயிற்றெரிச்சல். இரண்டு மாத அரிசியைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் வெள்ளத்தை எதிர்பார்ப்பான் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். காலையில் பல் விளக்கும்போது ஆற்றைப் பார்ப்பேன். முழங்கால் தண்ணீர். சும்மா தின்கிற மாட்டைப் பார்ப்பது போல் இருக்கும்.

மூன்றாவது வருசம் கார்த்திகையில் வெள்ளம் வந்தது. பகலில் வந்தது, அந்த மட்டுக்கு மரியாதை. நாங்கள் ரோட்டு மேட்டில் நின்று பார்த்தோம். வீட்டுக்குள் இடுப்புக்கு மேல் போனது. குசினி போனது. பின்சுவர் ஒரு தரம் வயிறு தள்ளி அப்படியே உட்கார்ந்தது. தண்ணீர் வடிந்தபோது அரிசி, மெத்தை, துணிப் பெட்டி எல்லாம் சேறு.

லுணுகலையிலிருந்து சம்சாரத்தின் தம்பி வந்தான். சுவர் இருந்த இடத்தில் நின்று ஆற்றைப் பார்த்தான்.

"மச்சான், பேசாம தோட்டத்துக்கு வந்துருங்க. எங்க லயத்துல ஒரு காம்பரா காலியா கெடக்கு. கங்காணிகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்."

"நான் வரமாட்டேன்" என்றாள் சம்சாரம்.

"இப்பிடியே ஆத்தைப் பாத்துக்கிட்டு இருப்பியாக்கா?"

நான் சொன்னேன். "இன்சூரன்ஸ் காசு வந்தா சுவரை எழுப்பிருவேன். வரலேன்னா தை மாசம் வந்துர்றோம்."

கையில் வேறு காசு இல்லை. அவ்வளவுதான் நிலைமை.  சம்சாரம் சேற்றை வழிக்க ஆரம்பித்தாள்.

நானா மூலமாக இன்சூரன்ஸ் கம்பனிக் கந்தோருக்கு எழுதிப் போட்டோம். பதில் இங்கிலீசில் வந்தது. நானா வாசித்துச் சொன்னார். "செவ்வாக்கெழம ஒரு ஐயா வீட்டப் பாக்க வாராரு. எல்லாத்தையும் அவருக்குக் காட்டுங்க."

தோட்டத்தில் துரை லயம் பார்க்க வருவார். முதல் நாளே கங்காணி சத்தம் போட்டுக்கொண்டு போவார். அன்றைக்கு எல்லோரும் சுண்ணாம்பு அடிப்போம், சாணி மெழுகுவோம், கிழிந்த பாயை ஒளிப்போம், இடிந்த அடுப்புக்கு முன்னால் குடத்தை வைப்போம். துரை தலையை நீட்டிப் பார்த்துவிட்டுப் போவார். அழுக்காக இருந்தால் அரைப் பேர்தான் விழும், அதாவது பாதி நாள் சம்பளம். சுத்தமாக இருந்தால் ஒன்றும் கிடைக்காது. ஒன்றும் கிடைக்காததுதான் பரிசு.

ஆகவே ஐயா வருகிறார் என்றதும் எங்களுக்கு வேலை தெரிந்துவிட்டது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. நான் போய்ச் சுண்ணாம்பு வாங்கி வந்தேன். சுவரில் தண்ணீர் நின்ற கறை ஒரு கோடாக இருந்தது. அதைச் சுரண்டி எடுத்து, இரண்டு தரம் அடித்தேன். நாறிப்போன மெத்தை, அரிசி, துணி எல்லாவற்றையும் ஆற்றில் தள்ளினோம். ஆறு கொண்டுவந்து போட்டதை ஆற்றிடமே கொடுத்தோம். சம்சாரம் தரையை மெழுகிக் கோலம் போட்டாள். பின்சுவர்தான் இல்லை. அந்த இடத்தில் கயிறு கட்டி, மூத்த மகள் கொடுத்தனுப்பிய புதுச் சேலையைத் தொங்கவிட்டாள். சிவப்புச் சேலை. பார்க்க நன்றாகவே இருந்தது.

ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். சப்பாத்து, தோல் பை, அளவு நாடா. வாசலில் நின்று சுற்றிப் பார்த்தார்.

"இது வெள்ளம் வந்த வீடுதானே?"

"ஆமாங்க ஐயா."

"எவ்வளவு உயரத்துக்கு வந்தது?"

நான் இடுப்புக்கு மேல் கையை வைத்துக் காட்டினேன். அவர் சுவரைப் பார்த்தார். சுவர் பால் மாதிரி இருந்தது.

"அடையாளம் ஒண்டையும் காணேல்லையே."

"சுண்ணாம்பு அடிச்சிட்டோங்க."

"பழுதாப் போன சாமானுகள்?"

"ஆத்துல போட்டுட்டோங்க."

"ஏன் போட்டனீங்கள்?"

"நாறிச்சுங்க. ஐயா வர்றீங்கன்னு..."

அவர் பேனாவைத் திறந்து ஏதோ எழுதினார். சம்சாரம் இரவல் கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"வீட்டை நல்ல வடிவா வச்சிருக்கிறியள்" என்றார்.

அவளுக்கு முகம் மலர்ந்தது. முப்பது வருசத்தில் எந்தத் துரையும் சொல்லாத வார்த்தை.

"அந்தச் சேலைக்குப் பின்னால என்ன?"

"ஒண்ணுமில்லைங்க ஐயா" என்றாள், முன்னால் போய் நின்றுகொண்டு.

அது பொய்யில்லை. அங்கே ஒன்றும் இல்லை.

"அப்ப சரி. பெரிய நட்டம் ஒண்டுமில்லை." தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பேனாவை மூடினார். பையைத் தூக்கினார்.

பேனா மூடுகிற சத்தம் கேட்டதும் எனக்கு லயத்தில் காலியாகக் கிடக்கிற அந்தக் காம்பரா கண்முன் வந்தது. நான் எழுந்து போனேன். அவளை ஒரு கையால் விலக்கிவிட்டுச் சேலையைப் பிடித்து இழுத்தேன். கயிறும் கூட வந்தது.

ஆறு நேராக வீட்டுக்குள் பார்த்தது. இடிந்த செங்கல் குவியல், குசினி இருந்த தடம், அதற்கு அப்பால் அக்கரையில் குளிக்கிற ஆட்கள் வரைக்கும் தெரிந்தது.

சம்சாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கட்டிய நாளிலிருந்து அவளை யார் முன்னாலும் நான் வெட்கப்பட வைத்ததில்லை. அன்றைக்குச் செய்தேன்.

 ஐயா பையைக் கீழே வைத்தார்.

"இதைப் பார்க்கத்தானே அப்பா நான் வந்தனான்" என்றார்.

நாடாவை எடுத்து, இல்லாத சுவரை அளந்தார். ஒரு பக்கம் நான் பிடித்துக்கொண்டேன். குசினியையும் அளந்தார். சப்பாத்து முழுக்கச் சேறு. அவர் போனபிறகு அவள் கோலத்தில் படிந்த சேற்றைத் துடைத்தாள். என்னோடு பேசவில்லை. மூன்று நாள் சோற்றுத் தட்டைத் தரையில் வைத்துவிட்டுப் போனாள்.

தை பிறக்கும் முன்பே காசு வந்தது. கூட வந்த கடிதத்தை நானா வாசித்தார்.

"பின்சுவருக்கும் குசினிக்கும் ஈக்கிது. அதுலயும் முதல் பங்கு ஒங்கட தலையில, அதக் கழிச்சிட்டுத்தான் தருவாங்க. அது சட்டம். சாமானுக்கு இல்ல. மத்தச் சுவருக்கும் இல்ல."

"மத்தச் சுவருக்கு ஏன் இல்லை?"

"நல்ல நெலமையில ஈக்கிதுன்னு எழுதியிருக்காரு. யாரண்ணே சுண்ணாம்பு அடிச்ச?"

நான் கடிதத்தை வாங்கி மடித்தேன்.

அடியில் கருங்கல் போட்டுச் சுவரை எழுப்பினேன். சித்தாள் வேலையைச் சம்சாரம் செய்தாள். கல் கேட்கவும் கலவை கேட்கவும் வாய் திறக்க வேண்டியிருந்ததால் பேச்சு வந்துவிட்டது. மச்சான் ஆள் அனுப்பினான், காம்பராவுக்கு வேறு குடும்பம் வந்துவிட்டது என்று. நல்லது என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த தவணைக்கு நானா வந்தார். இந்த முறை காசு இன்னும் கூட. வெள்ளம் வரும் என்பது முன்பு அவர்களுக்கு ஒரு சந்தேகம்தானாம். இப்போது ஐயாவே எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டு மாத அரிசி மூன்று மாத அரிசி ஆனது. நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சம்சாரம் உள்ளே போய்க் காசைக் கொண்டுவந்து நானாவிடம் நீட்டினாள்.

"நானா, ஒண்ணு சொல்லணும்."

"செல்லுங்க."

"அந்த ஐயாவை மழைக்கு முந்தி ஒரு தடவை வரச் சொல்லுங்க. சுவரெல்லாம் இருக்கையில பாத்துட்டுப் போகட்டும்."

நானா யோசித்தார். "அதுக்கு நெரப்புற ஃபோம் ஈக்கிதான்னு கந்தோர்ல கேட்டுச் செல்றேன்."

கேட்டுச் சொல்லவில்லை. அவள் ஒவ்வொரு வருசமும் காசு கொடுக்கும்போது அவரிடம் கேட்கிறாள்.