திருக்கைக்குப் புளிசோறு

பெருங்காயமும் நல்லெண்ணெயும் வறுத்த மிளகாயும் கலந்த புளிக்காய்ச்சல் வாசனை, ஜன்னல் திறக்காத ஒரு கப்பல் அறைக்குள் மாட்டிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று அதிகம் பேருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எனக்குத் தெரியும். கரீபியன் கடலில், ஐஸ் கட்டி போட்டுவைக்கக் கொடுத்திருந்த வெள்ளி நிற வாளியைக் கழுவித் துடைத்து, அதில் என் அம்மா ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் புளிசோறு கிளறினார். சோறு கப்பல் சாப்பாட்டுக் கூடத்தில் முந்தின நாள் இரவு தட்டுத் தட்டாக நாங்கள் அள்ளிவந்தது. புளிக்காய்ச்சல் நாராயணவனத்திலிருந்து பாட்டிலில் வந்தது. ஏசி ஓட ஓட அந்த வாசனை நடைபாதை முழுக்கப் பரவி, எதிர் அறை வெள்ளைக்காரப் பெரியவர் ஏதோ எரிகிறது என்று நினைத்தாரோ என்னவோ, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து நின்றுவிட்டார்.

நாங்கள் கப்பலில் போகிற ஜாதியே இல்லை. நாராயணவனத்துக்குப் பக்கத்தில், தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் பேசுகிற ஒரு ஊர். என் அப்பாவை நான் கூப்பிடுவது 'நைனா'. கூலி வேலை பார்த்து, பிறகு குத்தகை நிலம் பிடித்து, தன் தம்பி சீனுவைத் திருப்பதியில் இன்ஜினியரிங் படிக்கவைத்தவர். கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் எல்லாம் கும்பல் கும்பலாக விமானம் ஏறிய காலத்தில் அந்தச் சீனு சித்தப்பாவும் ஏறிப் போய் ஃபுளோரிடாவில் இறங்கிவிட்டார். குடும்பத்தின் மூளை முழுவதையும் அவரே கொண்டுபோய்விட்டதால், எட்டாம் வகுப்பை நான் இரண்டு தடவை படித்தும் அது எனக்குப் போதவில்லை. மூன்றாவது தடவைக்கு வாத்தியார்கள் ஒத்துக்கொள்ளாததால் என் கல்வி அத்துடன் முடிந்தது.

அண்ணன் குடும்பத்தைக் கப்பலில் ஏற்றிக் காட்டவேண்டும் என்பது சித்தப்பாவின் ரொம்ப நாள் ஆசை. அது புரட்டாசி மாசம் அமைந்ததற்குக் காரணம், அப்போது இரண்டாம் தடவையாக எட்டாவதில் இருந்த என் தசரா விடுமுறை மட்டுமல்ல. புரட்டாசியில் நம் ஊர்க் கறிக்கடைக்காரர் விலையை இறக்குகிற மாதிரி, அந்தப் பக்கம் புயல் மாசமாம், கப்பல்காரர்களும் இறக்குவார்களாம்.

அந்தப் புரட்டாசிதான் சிக்கலாகிவிட்டது. தம்பி படித்து முடித்து ஒரு வேலையில் உட்கார்ந்தால், வருசா வருசம் புரட்டாசி மூன்றாவது சனிக்கிழமை பசித்தவர்களுக்குத் தன் கையால் சோறு போட்டுவிட்டுத்தான் பச்சைத்தண்ணீர் குடிப்பேன் என்று நைனா வேங்கடேசப் பெருமாளிடம் வேண்டியிருந்தார். தம்பி உட்கார்ந்துவிட்டார். அதிலிருந்து ஒரு வருசமும் தப்பியதில்லை. செங்கல் சூளை ஆட்களும் களை எடுக்கிறவர்களும் எங்கள் வாசலில் வரிசையாக உட்கார்வார்கள்; நைனா நெற்றி நிறைய நாமம் போட்டுக்கொண்டு குனிந்து குனிந்து பரிமாறுவார். இந்த வருசம் மூன்றாவது சனிக்கிழமை எங்கே வருகிறது என்று கப்பல் ஏறும்வரை யாரும் காலண்டரைப் பார்க்கவில்லை.

கப்பலைப் பற்றிச் சொல்லவேண்டும். அதைப்போல ஒரு சாப்பாட்டை நான் பார்த்ததும் இல்லை, இனிப் பார்க்கப்போவதும் இல்லை. காலையில் ஒரு கூடம், மத்தியானம் ஒரு கூடம், நடுவில் சும்மா இருக்கிறவர்களுக்கு ஒரு கூடம். நான் மூன்றையும் சமமாக மதித்தேன். ஆனால் வெள்ளிக்கிழமை முழுக்க நைனா அந்தக் கப்பலில் மேலும் கீழுமாக நடந்துகொண்டே இருந்தார். கடைசியில் தம்பியைப் பிடித்துக் கேட்டார்.

"டேய் சீனு, இம்மாம் பெரிய கப்பல்ல பசிச்சவன் ஒருத்தன்கூடவா இல்ல?"

"துன்றதுக்கோசரம்தாண்ணா ஏறியே கீறாங்க. இங்க வந்து பசிச்சவன எங்க தேடுவ?"

அறை துடைக்க வருகிற பிலிப்பைன்ஸ்காரப் பையனிடம் நைனா சைகையில் கேட்டுப் பார்த்தார். அவன் நெஞ்சில் கைவைத்துச் சிரித்துவிட்டு வேண்டாம் என்று தலையாட்டினான். பயணிகள் கையால் வாங்கிச் சாப்பிட்டால் அவனுக்கு வேலை போய்விடும் என்று சித்தி விளக்கினார். சித்தூர் டவுனில் பிறந்த சித்திக்குப் பொறுமை அதிகம்.

"மாமா, சாமி ஒண்ணும் கோச்சிக்காது. அடுத்த சனிக்கெழம ஊருக்குப் போயிடுவீங்க, அங்க போட்டுக்குங்க."

"அது நாலாவது சனிக்கெழமம்மா."



அன்று மாலைதான், மறுநாள் கப்பல் நிற்கப்போகும் தீவில் எங்கே சுற்றப்போவது என்று சொல்லியாகவேண்டும். அறை டிவியில் படம் படமாக வந்தது. ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கும் என்றார் சித்தப்பா. சித்திக்குக் கடைத்தெரு. அம்மாவுக்கு, நனையாமல் உட்கார்ந்தபடியே மீன் பார்க்கலாம் என்ற கண்ணாடிப் படகு. எனக்குக் கடல் அலையில் குதிரை சவாரி. குதிரை மேல் உட்கார்ந்த போட்டோ இல்லாமல் தெருவுக்குள் நுழைய மாட்டேன் என்று ஒப்பாரியே வைத்தேன். ஏறிய நாள் முதல் எங்கே நிற்பது, எதைப் போட்டுக்கொள்வது, எப்போது தூங்குவது என்று எல்லாவற்றையும் சித்தப்பாதான் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று என்ன தோன்றியதோ, ரிமோட்டை நைனா கையில் கொடுத்துவிட்டார்.

"நீ சொல்லுண்ணா. நீ சொல்றதுதான்."

நைனா ஒவ்வொரு படமாக நிறுத்தினார். மாடு பிடிக்கப் போகிறவரைப்போல முன்னால் குனிந்து உட்கார்ந்து கேட்டார்.

"இந்தக் குதுரைக்கு நாம தீனி போடலாமா?"

"அதெல்லாம் அவனுங்களே போட்டுக்குவானுங்கண்ணா."

"கடத்தெருவுல சோறு கேக்கறவங்க யாருனா குந்தினு இருப்பாங்களா?"

"இருக்க மாட்டாங்க மாமா," என்றார் சித்தி, கடைத்தெரு கைநழுவுவது தெரிந்து.

அடுத்த படத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு பொம்பளை கையை நீட்டிக்கொண்டு நிற்க, முறம் போல அகலமாக ஒன்று அவர் கைமேல் வாயை வைத்துக்கொண்டிருந்தது.

"இது இன்னாடா?"

"திருக்கைண்ணா. படகுல கடலு நடுவால இட்டுனு போயி எறக்கி உடுவான். மனுசன் கையில இருந்து வாங்கித் துன்னுமாம்."

"பசியோட வருமா?"

"படகு சத்தம் கேட்டாலே ஓடியாருமாம். பசி இல்லாமயா?"

"அப்ப இதான்," என்று ரிமோட்டைக் கீழே வைத்தார் நைனா.

அம்மாவுக்குச் சந்தேகம். "மீனுக்குப் போட்டா கணக்குல வருமா?"

"வயிறு கீது இல்ல? வரும்."

திருக்கையை அதுவரை நான் புத்தூர் சந்தையில் கருவாடாகத்தான் பார்த்திருந்தேன். கருவாடாக இருந்தவரை அது எனக்கு எந்தத் தொந்தரவும் கொடுத்ததில்லை.

கப்பலிலிருந்து சாப்பாட்டை இறக்கக் கூடாது என்று சித்தி தலையில் அடித்துக்கொண்டார். அம்மா கேட்டுக்கொண்டு, வாளியைத் துண்டுகளுக்கு நடுவில் வைத்துப் பையை மூடினார். வாசலில் நின்ற காவலாளி பைக்குமேல் முகத்தைக் கொண்டுவந்தார், பெருங்காயம் மூக்கில் ஏறியது, மருந்து என்று நினைத்திருப்பார், போகச் சொல்லிவிட்டார்.

படகுக்காரரைப் பார்த்ததும் நைனா கையெடுத்துக் கும்பிட்டார். குற்றம் சொல்ல முடியாது. கறுத்த பெரிய உடம்பு, முதுகு வரைக்கும் திரிதிரியாகச் சடைமுடி; திருமலைப் படிக்கட்டில் இப்படி ஒருவர் உட்கார்ந்திருந்தால் நாங்கள் எல்லோருமே காலில் விழுந்திருப்போம். படகுக்காரரும் நைனாவின் நாமத்தைப் பார்த்தார். பதிலுக்கு அவரும் கும்பிட்டார். கப்பலில் வந்த அத்தனை பேரிடமும் நைனாவுக்குக் கிடைக்காத சரியான மரியாதை அதுதான்.

நடுக்கடலில் மணல்மேடு, இடுப்பளவுத் தண்ணீர், பளிங்கு மாதிரி. படகு நின்றதும் கறுப்புக் குடைகளை விரித்துவிட்டதுபோல நாலா பக்கமிருந்தும் நிழல்கள் வந்தன. வேட்டியை மடித்துக் கட்டி, அதன்மேல் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை போட்டு, நீச்சல் தெரியாத என் நைனா முதல் ஆளாக இறங்கினார். நானும் வீரமாக இறங்கினேன். ஒரு திருக்கை என் கெண்டைக்காலை உரசிக்கொண்டு போயிற்று. இப்போது நினைத்தால் கன்றுக்குட்டி மூக்கைப்போல மெத்தென்றுதான் இருந்தது. அப்போது "கோவிந்தா" என்று அலறிக்கொண்டு சித்தப்பாவின் கழுத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். குதிரை சவாரி கேட்டவனுக்கு ஏதோ ஒரு சவாரி கிடைத்தது.

படகுக்காரர் எல்லோர் கையிலும் வெள்ளையாகத் துண்டு துண்டாக எதையோ கொடுத்தார்.

"கணவாய்ண்ணா அது. மீனு மாதிரி," என்றார் சித்தப்பா.

நைனா சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். மூன்றாவது சனிக்கிழமை அதைத் தொடுவதா? படகின் ஓரத்தில் இருந்த வாளிக்குள் கைவிட்டு ஒரு பிடி புளிசோறு எடுத்துத் தண்ணீரை நோக்கிக் குனிந்தார். படகுக்காரர் ஓடிவந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். முரட்டுத்தனமாக இல்லை, ஆனால் விடவும் இல்லை.

"சோறு போட்டா அதுங்களுக்கு வயிறு கெட்டுப்பூடுமாம். போடவே கூடாதுன்றான்," என்று சித்தப்பா மெதுவாகச் சொன்னார்.

சுற்றிலும் எல்லோரும் சிரித்துக் கூவிக்கொண்டு ஊட்டிக்கொண்டிருக்க, நைனா மட்டும் அந்தச் சோற்றை உப்புத்தண்ணீர் படாமல் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நாமம் பாதி கரைந்திருந்தது. முந்தின நாள் இரவிலிருந்து நாக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"மயக்கம் வந்து வுயுந்துடப் போறீங்க. ஏறி வாங்க," என்றார் அம்மா மேலிருந்து. "தண்ணியாச்சும் குடிங்க, நான் சாமிகிட்ட சொல்லிக்கிறேன்."

"சாமிகிட்ட சொன்னவன் நானு. நீ இன்னா சொல்லுவ?"

ஏறி வந்து வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. சித்தப்பா அவர் பக்கம் பார்க்காமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டுதல் தன் பெயரில்தானே.

ஆட்களை எண்ணி முடித்த படகுக்காரர் எங்களைத் தாண்டும்போது நின்றார். மூக்கை உறிஞ்சினார். மூடியைத் தூக்கி வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார்.

"இது இன்னான்னு கேக்கறான்," என்றார் சித்தப்பா.

"அது கெடக்கட்டும். அவரு சாப்டாரான்னு கேளு."

சித்தப்பா கேட்டார். பதிலைக் கேட்டுவிட்டு அண்ணனிடம் திரும்பினார். "காத்தால இருந்து ஒண்ணும் துன்னலயாம்ணா. இன்னும் ரெண்டு நடை கீதாம். ஊட்டுக்குப் போயிதான் சாப்பாடாம்."

அப்படி ஒரு வேகத்தில் நைனா எழுந்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. வாளியின் மூடியைத் திருப்பித் தட்டாக்கி, அவரைச் சம்மணமிட்டு உட்காரவைத்து, குனிந்து பரிமாறினார். எங்கள் பக்கத்தில் ஒருவருக்குத் தமிழ் புரியவில்லை என்றால் தெலுங்கில் பேசுவோம். அதற்குமேல் உலகத்தில் பாஷை கிடையாது. நைனாவும் அதையே செய்தார். "தினு நாயனா, தினு," என்றார். படகுக்காரர் தின்றார். மிளகாய் கடித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது, புறங்கையால் துடைத்துக்கொண்டு மறுபடியும் மூடியை நீட்டினார். கயிறு இழுக்கிற தன் கூட்டாளியையும் கூப்பிட்டார். இரண்டு பேரும் கையாலேயே வழித்துத் தின்றார்கள்.

அவர்களுக்குப் பக்கத்தில் சித்தப்பாவும் போய் உட்கார்ந்து இரண்டு கையையும் குவித்து நீட்டினார்.

"எனக்கும் போடுண்ணா."

"நீதான் காத்தால தட்டு நெறைய பன்னு துன்னுகினு இருந்தியே?"

"அது பசிக்குத் துன்னது இல்லண்ணா."

நைனா வாளியின் அடியை வழித்தெடுத்தார். தம்பி கையிலும் வைத்தார். அப்புறம்தான் அம்மா நீட்டிய தண்ணீரை வாங்கி, நிறுத்தாமல் குடித்தார். வெறும் படத்தை வைத்துக்கொண்டு, யாருக்கும் பிடிக்காத ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து, அந்தக் கடல் முழுவதிலும் பசியோடு இருந்த மனிதர்களிடம் எங்களைக் கொண்டுபோய் நிறுத்திய ஆளை, இரண்டு தடவை எட்டாவது படித்த நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கப்பலை இரும்புக்கு உடைத்துவிட்டார்களாம். போன மாதம் போனில் சித்தப்பா சொன்னார். எங்கள் வாசல் வரிசையும் இப்போது இல்லை. சூளைகள் மூடிவிட்டன, களை எடுத்தவர்களின் பிள்ளைகள் பெங்களூரிலும் சென்னையிலும் சம்பாதிக்கிறார்கள். மூன்றாவது சனிக்கிழமை சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்டால், "வேல கீது, பார்சல் குடுத்து அனுப்பிடு நைனா," என்கிறார்கள். நான் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் கம்பெனி ஒன்றுக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறேன். இப்போது வருசா வருசம் அந்தச் சனிக்கிழமை விடியும் முன்பே நைனா அண்டாவோடு என் வேனில் ஏறிக்கொள்கிறார்.

ஷிஃப்ட் முடிகிற நேரம், கேட்டுக்கு வெளியே நிற்போம். ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள், ராத்திரி முழுக்க நின்று வேலை பார்த்த கண்களோடு வருவார்கள். விற்கிறோம் என்று நினைத்து முதலில் விலை கேட்பார்கள். ஒருவன் வாங்கித் தின்ன ஆரம்பித்ததும் பின்னால் தானாக வரிசை வந்துவிடும். போன வருசம் அண்டாவைக் கழுவி வேனில் ஏற்றும்போது நான் அலுத்துக்கொண்டேன்: நம் தெருவிலேயே முடிந்த வேலைக்கு இப்போது இவ்வளவு தூரம் வரவேண்டியிருக்கிறதே என்று.

நைனா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.

"நல்லதுதானடா. நம்ம ஊரு வயிறு நெறைஞ்சி கீது. நாம கொஞ்சம் தூரமா போணும், அவ்ளோதான்."