நத்தைக் கட்டுரையில் அப்பாவின் பெயர்

2003 வாக்கில் மதுரையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். நெல்வயல் நத்தைகளைப் பற்றித்தான் ஆராய்ச்சி. நத்தையோடு கூட மல்லுக்கட்டிவிடலாம், கட்டுரையின் கடைசியில் போடும் மேற்கோள் பட்டியலோடு முடியாது. ஒவ்வொரு இதழும் ஒவ்வொரு மாதிரி கேட்கும்; மொத்தத்தையும் திருப்பி டைப் அடிக்க வேண்டும். அந்தத் தொல்லை தீரட்டும் என்று எங்கள் பேராசிரியர் ஒரு சாஃப்ட்வேர் சிடி வாங்கி வந்தார். யார், எப்போது, எதில் எழுதினார் என்று ஒருமுறை பதிந்துவிட்டால் போதும், பட்டியலை அதுவே போட்டுவிடும்.

அந்தச் சமயத்தில் ஒரு வெளிநாட்டு இதழ் என் முதல் கட்டுரையை ஏற்றிருந்தது. வெறும் இனிஷியலை அவர்கள் ஒப்புக்கொள்ளாததால், என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயரை முழுசாக எழுதியிருந்தேன். அந்தக் கட்டுரையை சாஃப்ட்வேரிலும் அப்படியே பதிந்தேன். பட்டியலைப் பார்த்ததும் பகீரென்றது. வெளிநாட்டு வழக்கப்படி, கடைசியில் இருப்பதைத்தான் அது குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளுமாம். அப்பா பெயர் முன்னால் முழுசாக நின்றது. என் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிட்டது. சேற்றில் நின்றது நான், பெயர் இன்னொருவருக்கா என்று ஆத்திரம் வந்தது.

"இப்பவும் மாத்தலாம்மா. ஆனா பிழை திருத்தின ப்ரூஃபை நாளைக்கு அனுப்பணும். அச்சாயிருச்சுன்னா காலம்பூரா அதான் நிக்கும், மேற்கோள் காட்டுறவங்களும் அந்தப் பேரைத்தான் சொல்லுவாங்க" என்றார் பேராசிரியர்.

அப்பா விவசாயக் கூலி. திருப்பரங்குன்றம் தாண்டி எங்கள் ஊர். நுரையீரல் கெட்டுப்போய், அப்போது கோரிப்பாளையம் பக்கம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனி பிழைக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் பார்க்கப் போனபோது, கொஞ்சம் சிரிக்கட்டுமே என்று இந்தக் கூத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அதப் படிக்கிறவுக எம்பேரச் சொல்லித்தான் பேசுவாகளா தாயி?"

"ஆமாப்பா."

"முழுசாவா?"

எங்கள் தெருவைத் தாண்டினால் அவர் பெயரை முழுசாகச் சொல்ல ஊரில் ஆளில்லை. வேலைக்குப் போகும் வீடுகளில், பள்ளிக்கூடம் போகும் வயசுகூட வராத பிள்ளையும் பெயரைப் பாதியாக வெட்டி, 'டா' போட்டுத்தான் கூப்பிடும். இவரும் "இந்தா வாரேஞ் சாமி" என்று ஓடுவார். அதைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன்.

"மாத்திரு தாயி. படிச்சது நீயி, எனக்கெதுக்கு?" என்று சொல்லிவிட்டு அப்பா திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள், எதையும் மாற்றாமல் ப்ரூஃபை அனுப்பிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். விஷயத்தைக் கேட்டதும் "கிறுக்குக் கழுத" என்று திட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "அவுக எப்படிச் சொல்லுவாக? ஒருக்காச் சொல்லு" என்றார்.

பெற்றவர் பெயரை அவர் முகத்துக்கு நேரே சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. வாய் கூசியது. இருந்தாலும், கருத்தரங்கு மேடையில் பேசுகிறவர்கள் சொல்வது போலப் பெயரும் வருஷமுமாகச் சத்தமாகச் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

கட்டுரை அச்சாகி வருவதற்குள் போய்விட்டார்.

சில வருஷம் கழித்து ஒரு கருத்தரங்கில், முன்பின் தெரியாத ஒருவர் நத்தைகளைப் பற்றிப் பேசும்போது அந்தப் பெயரை முழுசாக, மரியாதையோடு சொன்னார். கடைசி வரிசையில் உட்கார்ந்து அழுதேன். அதைக் கேட்க அப்பா இல்லையே என்கிற வலி இன்றும் எனக்கு உண்டு. ஆனாலும் இனி அந்தப் பெயரை எவராலும் பாதியாக வெட்ட முடியாது.